ஸ்கிரிப்ட் மேல பழி போடுறதுக்கு முன்னாடி: சி பிளஸ் பிளஸ்ஸுக்கும் லுவாவுக்கும் நடுவுல தொலைஞ்சுபோன ஒரு வரி

இன்னைக்கு ஒரு பில்லுல இருந்து ஆரம்பிக்கிறேன். சூப்பர் மார்க்கெட் பில். ரெண்டு ரூபா தள்ளுபடி ஆன சோப்புக்குக் கீழ "உங்களுக்கு 35 ரூபாய் மிச்சம்"னு அச்சாகியிருந்துச்சு. மொத்தக் கணக்கு சரி. கழிச்ச தொகையும் சரி. அந்த ஒரு வரி மட்டும் தப்பு. அதே பில்லுல கொஞ்சம் தள்ளி சமையல் எண்ணெய் இருந்துச்சு. 35 ரூபா அதுக்கு வர வேண்டிய வரி.

அந்தத் தப்பை அச்சடிச்ச கோடை எழுதினவன் நான். ஆனா ரெண்டு வாரம் அந்தப் பழியைச் சுமந்தது வேற ஒருத்தர். அது எப்படி நடந்துச்சுன்னு சொல்றதுதான் இந்த எபிசோட். வழியில கொஞ்சம் டெக்னிக்கலா போகும். கோடிங் பண்ணாதவங்களும் பயப்படாம கூட வாங்க.

என்னோட முதல் வேலை அது. கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற கம்பெனி. பார்கோடு ஸ்கேனர், பிரிண்டர், ஸ்டாக், வரிக் கணக்கு எல்லாம் சி பிளஸ் பிளஸ்ல எழுதினது. கம்பைல் பண்ணி, டெஸ்ட் பண்ணி, ஒவ்வொரு கடையோட மெஷின்லயும் ஏத்தணும். ஒரு ரிலீஸுக்கு மாசக் கணக்குல ஆகும். ஆனா கடைக்காரர் அப்படிக் காத்திருப்பாரா? இந்த வாரம் ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்பார், அடுத்த வாரம் ஆயிரத்துக்கு மேல வாங்கினா சர்க்கரை பாதி விலைம்பார். பண்டிகை வந்தா நாளுக்கு ஒண்ணு. அதனால ஆஃபர் விதிகளை மட்டும் வெளியே எடுத்து, ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல்ல வெச்சிருந்தாங்க. அந்த ஸ்கிரிப்ட் மொழி லுவா. ஃபைலை மாத்தி அனுப்பினா போதும், புரோகிராமைத் தொடவே வேண்டாம்.

லுவா பிரேசில்ல பிறந்த மொழி. 1993-ல, ரியோ டி ஜெனிரோவுல இருக்கிற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துல ரொபெர்டோ இருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகைரேடோ, வால்டெமார் செலஸ்னு மூணு பேர் உருவாக்கினாங்க. பெட்ரோப்ராஸ்ங்கிற எண்ணெய் நிறுவனத்தோட வேலைகளுக்காகத் தொடங்கினது. அதுக்கு முன்னாடி சோல்னு ஒரு மொழி வெச்சிருந்தாங்க. போர்ச்சுகீஸ்ல சோல்னா சூரியன், லுவான்னா நிலா. தனியா நிக்கிறதை விட, இன்னொரு புரோகிராமுக்குள்ள குடியிருக்கிறதுக்குன்னே வளர்ந்த மொழி இது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமோட ஆட்-ஆன்கள், அடோபி லைட்ரூம், ரெடிஸ், நியோவிம்னு உங்க கம்ப்யூட்டர்லயே எங்கேயோ ஒளிஞ்சிருக்கலாம்.

சரி, ஒரே புரோகிராமுக்குள்ள ரெண்டு மொழி. ஒண்ணு வாடகைக்கு வந்தது. ரெண்டும் எப்படிப் பேசிக்கும்?

பழைய ரயில்வே ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரை நினைச்சுக்கோங்க. நடுவுல கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழ ஒரு குழி. நீங்க காசை அந்தக் குழியில வைப்பீங்க, உள்ள இருக்கிறவர் எடுத்துக்குவார். அவர் டிக்கெட்டையும் மீதியையும் அதே குழியில வைப்பார், நீங்க எடுத்துக்குவீங்க. நீங்க உள்ள கைவிட்டு அவரோட கல்லாவைத் தொட முடியாது. அவரும் உங்க பர்ஸைத் தொட மாட்டார். லுவாவுல அந்தக் குழிக்குப் பேரு ஸ்டாக். சி பிளஸ் பிளஸ்ல இருந்து ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடணும்னா, முதல்ல ஃபங்ஷனை ஸ்டாக்ல வைக்கணும், அப்புறம் பொருளோட விலை, எண்ணிக்கைன்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும், அப்புறம் கூப்பிடணும். லுவா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, பதிலை அதே ஸ்டாக்ல வெச்சுட்டுப் போகும். நீங்க மேல இருந்து படிச்சுட்டு, குழியைக் காலி பண்ணணும். அந்தக் காலி பண்றதுக்குப் பேருதான் பாப்.

முதல்ல பார்த்தப்போ எனக்கு எரிச்சலா இருந்துச்சு. ஏன் இந்தச் சுத்து? லுவாவுல இருக்கிற டேபிளுக்கு நேரா ஒரு பாயிண்டர் கொடுத்துட்டா என்னன்னு தோணுச்சு. காரணம், குப்பை அள்ளுறவர். கார்பேஜ் கலெக்டர். சி பிளஸ் பிளஸ்ல மெமரிக்கு நீங்கதான் பொறுப்பு. லுவாவுல அப்படி இல்ல. "இதை யாராவது இன்னும் பயன்படுத்துறாங்களா?"ன்னு அது அப்பப்போ சுத்திப் பார்க்கும். யாரும் இல்லைன்னா தூக்கிப் போட்டுடும். சிக்கல் என்னன்னா, அது தேடுறது லுவாவோட வீட்டுக்குள்ள மட்டும்தான். உங்க சி பிளஸ் பிளஸ் வேரியபிள் ஒண்ணு அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. ஸ்டாக்ல இருக்கிற வரைக்கும் அதோட கண்ணுக்குத் தெரியும், பத்திரமா இருக்கும்.

பைத்தான் இதை வேற மாதிரி சமாளிக்குது. அங்க சி பக்கத்துக்கு நேரா பாயிண்டர் கொடுப்பாங்க. ஆனா "நான் பிடிச்சிருக்கேன்", "நான் விட்டுட்டேன்"னு ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கையை ஏத்தி இறக்குறது உங்க வேலை. ஒண்ணு மறந்தாலும் ஒண்ணு லீக் ஆகும், இல்லைன்னா கிராஷ் ஆகும். லுவா பண்ணினவங்க அந்தக் கணக்கே வேண்டாம்னு கண்ணாடியைப் போட்டுட்டாங்க.

ஆனா அந்தக் கண்ணாடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கு. ஸ்ட்ரிங். ஸ்டாக்ல இருக்கிற ஒரு எழுத்து வரியை சி பக்கம் வாங்க ஒரு ஃபங்ஷன் இருக்கு. அது அந்த வரியைப் பிரதி எடுத்துத் தராது. லுவாவோட மெமரிக்குள்ள அந்த வரி எங்க இருக்கோ, அந்த இடத்தோட முகவரியைத் தரும். வேகத்துக்காகத்தான். ஸ்டாக்ல இருந்து எடுத்துட்டா அந்த முகவரி செல்லும்னு உத்தரவாதம் இல்லைன்னு மேனுவல்லயே போட்டிருக்கு. நான் மேனுவலைப் படிச்சிருந்தேன். அந்த வரியையும் படிச்சிருந்தேன். அதான் கொடுமை.

என் கோடு என்ன பண்ணுச்சுன்னா: ஸ்கிரிப்ட் ரெண்டு பதில் தரும். ஒண்ணு தள்ளுபடித் தொகை, இன்னொண்ணு பில்லுல அச்சடிக்க வேண்டிய வரி. தொகையை ஒரு நம்பரா வாங்கினேன், அது பிரதி ஆயிடுச்சு. வரியோட முகவரியை வாங்கி, பில்லுல அந்தப் பொருளுக்குப் பக்கத்துல வெச்சேன். அப்புறம் பாப். கடைசியில, எல்லாப் பொருளும் முடிஞ்சதும், பிரிண்டர் அந்த முகவரிகளுக்கு ஒவ்வொண்ணா போய்ப் படிச்சு அச்சடிக்கும். கவுண்டர் கணக்குல சொல்லணும்னா, குழியில இருந்த டிக்கெட்டை நான் எடுக்கவே இல்ல. அது இருந்த இடத்தை மட்டும் மனசுல குறிச்சுக்கிட்டு நடந்துட்டேன்.

இந்தக் கோடு ஒரு வருஷத்துக்கும் மேல ஓடுச்சு. ஒரு புகார் இல்ல.

எப்படி இல்லாம போச்சு? அதுக்கான பதில் ஸ்கிரிப்ட்ல இருந்துச்சு. ஸ்கிரிப்ட் எழுதினது இம்ப்ளிமென்டேஷன் டீம்ல இருந்த ஒரு அக்கா. அவங்க டெவலப்பர் இல்ல. கடைக்குக் கடை போய் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து லுவா கத்துக்கிட்டவங்க. ஆரம்பத்துல அவங்க எழுதின விதிகள் எல்லாம் "பொங்கல் ஆஃபர்"னு ஒரு நிலையான வரியைத் திருப்பித் தரும். அந்த வரி ஸ்கிரிப்டோட ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதியிருக்கிறதால, ஃபங்ஷன் உயிரோட இருக்கிற வரைக்கும் வரியும் உயிரோட இருக்கும். கலெக்டர் தொடாது. நான் குறிச்சு வெச்ச முகவரி தப்பான முகவரிதான். ஆனா அதிர்ஷ்டவசமா வீடு இடிபடல.

அப்புறம் ஒரு கடைக்காரர் கேட்டார்: கஸ்டமருக்கு எவ்வளவு மிச்சம்னு பில்லுலயே தெரியணும். நியாயமான ஆசை. அக்கா ஒரே ஒரு வரியை மாத்தினாங்க. "உங்களுக்கு "ன்னு ஒரு துண்டு, நடுவுல தொகை, கடைசியில "ரூபாய் மிச்சம்"னு இன்னொரு துண்டு. மூணையும் ஒட்டி அனுப்பினாங்க. லுவாவுல அது முழுக்க முழுக்கச் சரியான கோடு. ஆனா ஒட்டினப்போ பிறக்கிறது ஒரு புது வரி. ஸ்டாக்கை விட்டுப் போன அடுத்த நொடி அதுக்கு யாரும் இல்ல. குப்பை.

கலெக்டர் உடனே அள்ளிடாது. மெமரி கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் ஒரு சுத்து முடிக்கும். எங்க டெஸ்ட் மெஷின்ல ஒவ்வொரு தடவையும் புரோகிராமைப் புதுசா திறந்து மூணு பொருள், நாலு பொருள்தான் ஸ்கேன் பண்ணுவோம். ஒண்ணும் நடக்காது. கடையில காலையில திறந்தது ராத்திரி வரைக்கும் ஓடும். மாச ஆரம்பத்துல அறுபது, எழுபது பொருளோட பில் வரும். நடுவுல கலெக்டர் வந்து சோப்போட வரியை அள்ளிட்டுப் போகும். கொஞ்ச நேரத்துல எண்ணெய்க்கு கிட்டத்தட்ட அதே நீளத்துல ஒரு புது வரி வேணும். மெமரி அலகேட்டர் இப்பத்தான் காலியான அதே இடத்தைத் தூக்கிக் கொடுக்கும். இப்போ சோப்பு குறிச்சு வெச்ச முகவரியில எண்ணெய் குடியிருக்கு.

புரியாத கிறுக்கல் அச்சாகியிருந்தா ஒரு நாள்ல பிடிச்சிருப்போம். வந்தது என்னவோ படிக்க முடிஞ்ச, நம்பக்கூடிய, தமிழ் வரி. பார்க்கிறவங்களுக்கு ஆஃபர் விதியில தப்பு மாதிரியே இருக்கும். அதுவும் அக்கா ஸ்கிரிப்டை மாத்தின அடுத்த நாள்ல இருந்து.

ஒரு மீட்டிங் நடந்துச்சு. "கடைசியா என்ன மாத்தினோம்?"னு கேட்டாங்க. எல்லாரும் கேட்கிற, சரியான கேள்விதான். பதிலும் உண்மை: ஸ்கிரிப்டை மாத்தினோம். சி பிளஸ் பிளஸ் பக்கம் என்ன ஆச்சுன்னு என்னைக் கேட்டப்போ, "அந்தக் கோடு ஒரு வருஷமா ஓடுது, யாரும் தொடல"ன்னு சொன்னேன். அதுவும் உண்மைதான். அப்படிச் சொன்னப்போ இருந்த மிதப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எங்க ஆஃபீஸ்ல சி பிளஸ் பிளஸ் எழுதுறவங்க இன்ஜினியர், ஸ்கிரிப்ட் எழுதுறவங்க சப்போர்ட். யாரும் வெளிப்படையா சொல்ல மாட்டாங்க, ஆனா எந்தப் பக்கம் முதல்ல சந்தேகப்படுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். மெயில் த்ரெட்டோட தலைப்பே "ஸ்கிரிப்ட் இஷ்யூ". அக்கா ரெண்டு சனிக்கிழமை வந்து உட்கார்ந்து, அவங்களோட இருபது வரி விதியைத் திரும்பத் திரும்பப் படிச்சாங்க. தப்பே இல்லாத ஒண்ணுல தப்பைத் தேடுறது எவ்வளவு அசிங்கமான வேலைன்னு பண்ணினவங்களுக்குத் தெரியும்.

அவங்கதான் கடைசியில வழி கண்டுபிடிச்சாங்க. ஸ்கிரிப்ட்ல திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி அந்த வரியை ஒரு ஃபைல்ல எழுதி வெச்சாங்க. கடையில இருந்து அந்த ஃபைலையும் பில்லையும் வாங்கிட்டு என் டெஸ்க்குக்கு வந்தாங்க. "தம்பி, நான் அனுப்புறது சரியாத்தான் இருக்கு, பாரு. சோப்புக்கு ரெண்டு ரூபான்னுதான் போகுது. உங்க பக்கம் வந்து சேர்றது என்னன்னு ஒரு தடவை பார்த்துச் சொல்றியா?"

கோபமே இல்லாம கேட்டாங்க. நான் பார்த்தேன். அந்த முகவரியை வாங்குற வரியையும், அதுக்கு அடுத்த பாப்பையும் பார்க்க பத்து நிமிஷம் ஆகல. சந்தேகத்தைத் தீர்க்க, ஒவ்வொரு ஸ்கிரிப்ட் அழைப்புக்கும் அப்புறம் கலெக்டரை வலுக்கட்டாயமா முழுசா ஓட வெச்சேன். லுவாவுல அதுக்கு ஒரு ஃபங்ஷன் இருக்கு. நாலு பொருள் பில்லுலயே எல்லா வரியும் குழம்பிடுச்சு. ஃபிக்ஸ் ஒரே ஒரு சொல்: பாப் பண்றதுக்கு முன்னாடி சி பிளஸ் பிளஸ்ஸோட சொந்த ஸ்ட்ரிங்குக்குப் பிரதி எடுத்துக்கணும். அதே த்ரெட்ல, அதே தலைப்புக்குக் கீழ, "ஸ்கிரிப்ட்ல தப்பு இல்ல, என் கோடுல"ன்னு பதில் போட்டேன். அந்த மெயிலுக்கு யாரும் ஒண்ணும் எழுதல. முதல் மெயிலுக்கு மட்டும் பதினாலு பதில் இருந்துச்சு.

சரி, அப்போ எல்லாத்தையும் பிரதி எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடுமா? இல்ல. அங்க வேற மாதிரி அடி விழும். நியோவிம் எடிட்டர் பயன்படுத்துறவங்க இதைப் பட்டிருப்பீங்க. அதுல எடிட்டரோட குளோபல் வேரியபிள்களை லுவாவுல இருந்து தொடலாம். ஒரு டிக்ஷனரிக்குள்ள ஒரு ஃபீல்டை மட்டும் மாத்துங்க. எரர் வராது. மறுபடி படிச்சுப் பாருங்க, பழைய மதிப்பே இருக்கும். ஏன்னா உங்க கைக்கு வந்தது ஒரு நகல். நகலைத் திருத்திட்டு அசல் மாறும்னு காத்திருக்கீங்க. முழுசையும் வெளிய எடுத்து, மாத்தி, முழுசா திரும்ப வைக்கணும். அவங்களோட டாகுமென்ட்லயே இதை எச்சரிக்கையா எழுதியிருக்காங்க.

நம்பர்கூட அப்படியே போய்ச் சேராது. 2015-ல 5.3 பதிப்பு வர்ற வரைக்கும் லுவாவுல எல்லா நம்பரும் டபுள்தான். 9007199254740992 வரைக்கும் முழு எண் பத்திரம். அதுக்கு மேல ஒத்தைப்படை எண்களே கிடையாது, பக்கத்துல இருக்கிற இரட்டைப்படைக்கு ஒட்டிக்கும். பார்கோடு பதிமூணு இலக்கம், தப்பிச்சுடும். 64 பிட் ஐடி எல்லாம் தப்பிக்காது, அதனால அதை ஸ்ட்ரிங்காவே அனுப்புங்க. ரெடிஸுக்குள்ள இருக்கிறது இன்னமும் 5.1 தான். அங்க ஸ்கிரிப்ட்ல இருந்து 3.99-ன்னு நம்பரைத் திருப்பி அனுப்பினா வெளிய 3 வரும், மீதி போச்சு. ஒரு லிஸ்ட்டை அனுப்பி, நடுவுல ஒரு நில் இருந்தா, அதோட லிஸ்ட் முடிஞ்சுது. பணக் கணக்கு வெச்சிருக்கிறவங்க பைசாவா மாத்தி முழு எண்ணா அனுப்புங்க, இல்ல ஸ்ட்ரிங்.

எதிர்த் திசையிலயும் இதே கதைதான். என் பிழை வெளிய வந்த பிறகு மொத்த இணைப்புக் கோடையும் உட்கார்ந்து பார்த்தோம். இந்தத் தடவை அக்காவும் பக்கத்துல உட்கார்ந்தாங்க. கஸ்டமர்ங்கிற சி பிளஸ் பிளஸ் பொருளோட பாயிண்டரை அப்படியே ஸ்கிரிப்டுக்குக் கொடுத்துக்கிட்டு இருந்தோம். பில் முடிஞ்சதும் நாங்க அதை அழிச்சுடுவோம். "அப்போ நான் போன கஸ்டமரை ஒரு வேரியபிள்ல வெச்சுக்கிட்டா?"னு அவங்க கேட்டாங்க. ஒரு ஆஃபருக்கு அவங்களுக்கு அது தேவைப்பட்டுச்சு. வெச்சுக்கிட்டா, செத்தவரோட வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரிதான். நல்லா இருந்தா கிராஷ், இல்லைன்னா வேற ஒருத்தர் கதவைத் திறப்பார்.

அதனால பாயிண்டர் கொடுக்கிறதை நிறுத்தினோம். இப்போ ஸ்கிரிப்டுக்குப் போறது யூசர்டேட்டாங்கிற ஒரு சின்னப் பெட்டி. உள்ள ரெண்டு நம்பர் மட்டும். ஒண்ணு, டேபிள்ல எத்தனையாவது இடம். இன்னொண்ணு, அந்த இடத்துல எத்தனையாவது ஆள். ஸ்கிரிப்ட் பேரைக் கேட்டா, போன் நம்பரைக் கேட்டா, ஒவ்வொரு தடவையும் சி பிளஸ் பிளஸ் பக்கம் வந்து டேபிளைப் பார்க்கும். ரெண்டாவது நம்பர் பொருந்தலைன்னா "இந்த பில் முடிஞ்சுபோச்சு"ன்னு ஒரு சுத்தமான எரர். கேம் இன்ஜின் எழுதுறவங்களுக்கு இது பழக்கமான முறை. கொஞ்சம் மெதுவாகும். பில் போடுற மெஷினுக்கு அது ஒரு பொருட்டே இல்ல.

உங்க ப்ராஜெக்ட்ல இப்படி ரெண்டு மொழி இருந்தா, டீபக் பில்ட்ல ஒவ்வொரு அழைப்புக்கும் அப்புறம் கலெக்டரை முழுசா ஓட விட்டுப் பாருங்க. கூடவே அட்ரஸ் சானிடைசரையும் போடுங்க. லுவா வழக்கமான மெமரி ஃபங்ஷன்களைத்தான் பயன்படுத்துது, அதனால விடுவிச்ச இடத்தைப் படிச்சா அதே நொடியில எந்த வரின்னு சொல்லிடும். எங்க கம்பெனியில அந்த டெஸ்ட் கடைசி வரைக்கும் ராத்திரி ராத்திரி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரிப்போர்ட் ரெண்டு பேருக்குப் போகும், எனக்கும் அக்காவுக்கும்.

இந்த எபிசோடைப் போடலாமான்னு அவங்ககிட்ட கேட்டேன். "போடு தம்பி, ஆனா இருபது வரின்னு சொல்லாத, அது முப்பத்தி ரெண்டு வரி"ன்னாங்க. அதனால மேல இருபதுன்னு சொன்னதை முப்பத்தி ரெண்டுன்னு திருத்திக்கோங்க.